டி4-க்குப் பதில் தேடிப் போன கதை

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் ஒரு சிமெண்ட் பெஞ்சில் செஸ் ஆடுவோம். எதிரில் உட்காருகிறவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். துணிப்பையில் சுருட்டி வைத்த ரெக்சின் போர்டு, ஒரு யானைக்குப் பதிலாக பேனா மூடி. வெள்ளைக்காய் அவருக்கு வந்தால் முதல் நகர்த்தல் எப்போதும் ஒன்றுதான். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே. டி4. வேறு எதையாவது ஆடி நான் பார்த்ததே இல்லை.

போன வருஷம் அவருடைய டி4-க்கு எதிராக வரிசையாகப் பதினொரு ஆட்டம் தோற்றேன். பன்னிரண்டாவது தோற்றபோது அவர் காய்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்கு டி4-க்கு ஒரு டிஃபன்ஸ் இல்லப்பா. தினம் ஒண்ணு ஆடற. ஏதாவது ஒண்ணை எடுத்துக்கிட்டு ஆறு மாசம் அதையே ஆடித் தோத்துப் பாரு."

சரிதான். நம்மில் பலரைப் போல நானும் செஸ் கற்றுக்கொண்டது இ4-ல். ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாய் இரண்டு கட்டம் போகும், எதிராளியும் அதேபோல் வருவார், சீக்கிரமே அடிதடி. அந்த இ4 சிப்பாய் பின்னால் துணை இல்லாமல் நிற்கும், அதனால் கறுப்புக்கு உடனே தாக்க ஏதாவது கிடைக்கும். டி4 அப்படி இல்லை. அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் ராணி காவலுக்கு நிற்கிறாள். அடுத்ததாக சி4 வந்துவிட்டால் வெள்ளை நடுப்பலகையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடும். எங்கே அடிப்பது என்று தெரியாமல் இருபது நகர்த்தல் கழித்துத்தான் மூச்சுத் திணறுவது தெரியும்.

ஆக, ஒரு டிஃபன்ஸ் தேர்ந்தெடுக்கணும். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கிங்ஸ் இந்தியன். குயின்ஸ் இந்தியன். நிம்ஸோ இந்தியன். போகோ இந்தியன். ஓல்ட் இந்தியன். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூட உறைத்ததில்லை. டி4-க்குக் கறுப்பு குதிரையை எஃப்6-ல் வைத்துப் பதில் சொன்னாலே அது 'இந்தியன்'. சரி, யார் அந்த இந்தியன்? டிஃபன்ஸ் கற்றுக்கொள்வதை ஓரமாக வைத்துவிட்டு இதைத் தேட ஆரம்பித்தேன். (இதனால்தான் பன்னிரண்டு ஆட்டம் தோற்றேன் என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு.)

அந்த இந்தியனுக்குப் பெயர் இருக்கிறது. மகேஷ் சந்திர பானர்ஜி. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை மொஹேஷ்சந்தர், மொஹிஷந்தர் என்று வாய்க்கு வந்தபடி எழுதின. வங்காளத்துக்காரர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் மூலமாகத்தான்: ஜான் காக்ரேன், ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவில் வக்கீல். அந்தக் காலத்து உலகின் பலமான ஆட்டக்காரர்களில் ஒருவர். கல்கத்தாவில் அவருக்குச் சரிக்குச் சமமாக ஆட ஆள் கிடைக்கவில்லை. 1848 வாக்கில் கல்கத்தா செஸ் கிளப் உறுப்பினர் ஒருவர், ஊர்ப்புறத்தில் தோற்றதே இல்லை என்று பேர் வாங்கிய ஒரு பிராமணரைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப்போய் ஆடினார், தோற்றார், அந்த மனிதரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிவந்து காக்ரேன் முன்னால் உட்கார வைத்தார். அதிலிருந்து இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். காக்ரேன் அவற்றைக் குறித்து வைத்தார், சில லண்டன் பத்திரிகைகளில் வந்தன. பெரும்பாலும் காக்ரேன்தான் ஜெயித்தார். ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். மகேஷ் சந்திரர் ஆடி வளர்ந்தது நம்மூர்ச் சதுரங்கம். அதில் பல வட்டாரங்களில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகும் சலுகை கிடையாது, எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜாவுக்குக் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காதவரை, ஒரே ஒருமுறை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் நினைத்த காயாக மாறாது, அது எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகும். ராணியே கிடையாது, மந்திரிதான். என் அம்மாவழித் தாத்தா கும்பகோணத்துத் திண்ணையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த ஒரு கட்டச் சிப்பாய்தான். பள்ளிக்கூடத்தில் போய் அதையே ஆடி சிரிப்பு வாங்கினேன். அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெச். ஜே. ஆர். முர்ரே 1913-ல் எழுதிய செஸ் வரலாற்றில் இந்திய விதிகளைப் பற்றிய பகுதியைப் படித்தபோதுதான் தாத்தாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

நம்மூர் விதியிலிருந்து ஐரோப்பிய விதிக்கு மாறுவது அப்போது பலருக்கும் இருந்த வேலை. 1814-லேயே பம்பாயில் ஒரு சதுரங்கப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. சம்ஸ்கிருத மூலத்திலிருந்து ஆங்கிலமானது, ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் திருத்தியது என்று தலைப்பிலேயே சொல்கிறது. ஆசிரியர் பெயர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிகிறது. அவரைப் பற்றித் தனியாக எழுதணும், இப்போது வேண்டாம்.

ஒரு கட்டச் சிப்பாய் ஆட்டத்தில் யாரும் முதல் நகர்த்தலிலேயே நடுப்பலகைக்கு ஓடமுடியாது. மெதுவாகக் கட்டணும். சிப்பாயை ஜி6-க்கு ஒரு கட்டம் தள்ளி, பின்னால் ஜி7-ல் பிஷப்பை வைத்து, ஓரத்திலிருந்து குறுக்காகப் பார்ப்பது அங்கே இயல்பான காரியம். மகேஷ் சந்திரர் காக்ரேனிடமும் அதைத்தான் ஆடினார். நடுப்பலகையை எதிராளி எடுத்துக்கொள்ளட்டும், தள்ளி நின்று அடிக்கலாம் என்பது போல. அன்றைய ஐரோப்பியக் கண்ணுக்கு அது விநோதம். 1884-லேயே 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் அவர் ஆட்டத்தை ஒட்டி அச்சில் வந்துவிட்டது. 1920களில் டார்ட்டகோவர் போன்றவர்கள் அதை எங்கும் பரப்பினார்கள்.

வழக்கமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கே ஒரு முடிவுக்கு வருவார்கள்: பாவம், பழைய விதிப் பழக்கத்தில் ஆடினார், அது தற்செயலாக நல்ல தொடக்கமாக அமைந்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், 1855 மே மாதத்து ஒரு ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்க்கும்வரை.

காக்ரேன் வெள்ளை. டி4, குதிரை எஃப்6. சி4, ஜி6. குதிரை சி3. இப்போது மகேஷ் சந்திரர் டி5 ஆடுகிறார். சிப்பாயை டி7-லிருந்து ஒரே தாவலில் இரண்டு கட்டம். செஸ் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். இது அச்சு அசலாக குருன்ஃபெல்ட் டிஃபன்ஸ். அதற்குப் பெயர் கொடுத்த வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் பிறந்தது 1893-ல்.

சரி, அடுத்து என்ன ஆனது? சிப்பாய்கள் மாறின, சி3-ல் குதிரைகளும் மாறின, எட்டாவது நகர்த்தலில் கறுப்பு சி5 என்று வெள்ளையின் நடுவை ஓரத்திலிருந்து குத்துகிறது. இதுவும் இரண்டு கட்டத் தாவல். இன்றைக்கு ஒரு பயிற்சியாளர் குருன்ஃபெல்ட் சொல்லிக்கொடுத்தால் இதே வரிசையில்தான் சொல்வார்: வெள்ளை பெரிய மாளிகை கட்டட்டும், கட்டிய பிறகு ஜி7 பிஷப்பும் சி5 சிப்பாயும் சேர்ந்து அஸ்திவாரத்தைத் தோண்டட்டும். பழக்கதோஷத்தில் ஆடுகிறவன் ஒரு கட்டம்தானே போவான்? இந்த மனிதர் புது விதியின் இரண்டு கட்டத் தாவலை எங்கே, எப்போது பயன்படுத்தணும் என்று யோசித்து ஆடியிருக்கிறார். ஒரு புது விதியைக் கற்றுக்கொண்டு, அதையும் பழையதையும் கலந்து, யாரும் எழுதாத ஒன்றை ஆடியிருக்கிறார். என் கட்சி அதுதான்.

ஆட்டத்தில் அவர் தோற்றுப்போனார். பதினெட்டாவது நகர்த்தலில் காக்ரேனின் குதிரை எஃப்7-ல் பாய்ந்தது. இவர் குதிரையை ஏ5-க்கு அனுப்பி ராணியைத் தாக்கினார். ராணியைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு நொடி நினைத்திருப்பார். குதிரை எச்6-க்குத் தாவி இரட்டைச் செக், ராஜா மூலைக்கு, ராணி ஜி8-ல் தானே போய் விழ, யானை அடித்தாகணும், குதிரை மறுபடி எஃப்7-ல் மேட். தன் ஆட்களே சுற்றி நிற்க ராஜா மூச்சுமுட்டிச் சாகிற அந்த அழகான மேட். காக்ரேன் குறித்து வைத்ததற்குக் காரணம் அந்த மேட்டாகத்தான் இருக்கும். கறுப்பின் மூன்றாவது நகர்த்தல் அதோடு ஒட்டிக்கொண்டு நமக்குக் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. 1848-ல் பெட்ராஃப் தொடக்கத்தில் காக்ரேன் ஒரு குதிரையை நாலாவது நகர்த்தலிலேயே எஃப்7-ல் பலி கொடுத்தார். அதற்கு இன்றுவரை 'காக்ரேன் காம்பிட்' என்று பெயர். எதிரில் உட்கார்ந்திருந்தவர் மகேஷ் சந்திரர்தான். ஒரே மேசை, இரண்டு பேர். ஒருவர் கண்டுபிடித்தது அவர் பெயரில் இருக்கிறது. மற்றவர் கண்டுபிடித்தது 'இந்தியன்' என்று ஒரு தேசத்தின் பெயரில் கரைந்துபோனது, அதில் ஒரு பாதி வியன்னாவுக்குப் போய்விட்டது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் குருன்ஃபெல்ட் மீது கோபப்பட முடியாது. அவர் கதையும் சோகக்கதைதான். சின்ன வயதிலேயே ஒரு காலை இழந்தவர், வறுமை, வியன்னாவில் தொடக்கங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்தே வாழ்ந்தவர். 1922-ல் தன் டிஃபன்ஸைப் பெரிய போட்டிகளில் ஆடினார், அதே வருஷம் வியன்னாவில் அலெகினை அதைக்கொண்டே வீழ்த்தினார். ஒரு யோசனையை உலகம் நம்பணும்னா யாராவது அதை ஆடி ஜெயித்துக் காட்டணும். 1956-ல் நியூயார்க்கில் பதிமூன்று வயது பாபி ஃபிஷர் ராணியையே விட்டுக்கொடுத்து ஜெயித்த புகழ்பெற்ற ஆட்டமும் குருன்ஃபெல்ட்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை. பஞ்சாபின் மீர் சுல்தான் கானும் நம்மூர் விதியில் வளர்ந்தவர்தான். ஐரோப்பிய விதியைக் கற்றது 1926 வாக்கில், மூன்றே வருஷத்தில் பிரிட்டிஷ் சாம்பியன். 1930 கடைசியில் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர் வெள்ளையில் ஆடி காபபிளாங்காவைத் தோற்கடித்தார். அன்று இந்தியருக்கு எதிராக கியூபாக்காரர் தேர்ந்தெடுத்த தொடக்கம் குயின்ஸ் இந்தியன்!

சென்னைக்கு வருவோம். இந்த ஊரில் செஸ் என்றால் முதலில் மேனுவல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1962 ஸ்டாக்ஹோமில் போர்டிஷையும் உல்மனையும் வீழ்த்தியவர். கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிற ரஷ்யக் கலாசார மையத்தில், அது சோவியத் மையமாக இருந்த 1972-ல், டால் செஸ் கிளப் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. அங்கே பிளிட்ஸ் ஆட்டத்துக்கு ஒரு சட்டம்: ஜெயித்தவர் இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை, தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகணும். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒரு பையன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கத்தான் வேகமாக ஆடக் கற்றுக்கொண்டான். விஸ்வநாதன் ஆனந்த் இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பூங்கா சாருக்கும் அந்த வரிசையில் நின்ற அனுபவம் உண்டு. "நான் வரிசையில நின்னதுதான் ஜாஸ்தி," என்பார்.

ஆனந்துக்கும் டி4-க்கும் உள்ள உறவைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். 2010 ஏப்ரல், சோஃபியா. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லை. ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே பல்கேரியா போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டம், கறுப்பு, டோபலோவ் டி4. ஆனந்த் எடுத்தது குருன்ஃபெல்ட். வீட்டில் தயாரித்து வைத்திருந்த நகர்த்தல் வரிசையைக் குழப்பிக்கொண்டு ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார். டோபலோவ் குதிரையைப் பலி கொடுத்துத் தாக்க, முப்பதாவது நகர்த்தலில் முடிந்தது. 1855-லும் அதே எஃப்7 கட்டம்தான். இதில் அர்த்தம் தேட வேண்டாம், எஃப்7 எப்போதுமே கறுப்பின் பலவீனமான இடம். ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்தில் மறுபடி கறுப்பு, மறுபடி டி4. இந்தமுறை அவர் எடுத்தது நூறு வருஷத்துக்கும் மேல் பழைய லாஸ்கர் டிஃபன்ஸ். தீப்பொறி எதுவும் கிடையாது, காய்களை மாற்றிக்கொண்டு அமைதியாக உட்காருவது. ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

பிறகு 2013 நவம்பர். அண்ணா சாலை, தேனாம்பேட்டை, ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டல். பாண்டி பஜாரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனந்த் தன் சொந்த ஊரில் மேக்னஸ் கார்ல்சனுக்கு எதிராகப் பட்டத்தைக் காக்கிறார். எட்டு ஆட்டம் முடிந்தபோது 5-3 என்று பின்தங்கியிருந்தார். நவம்பர் 21, ஒன்பதாவது ஆட்டம், ஜெயித்தே ஆகணும். வெள்ளைக்காய். டி4 ஆடினார். கார்ல்சன் எடுத்தது நிம்ஸோ இந்தியன்.

அந்த மத்தியானம் நான் வேலை எதுவும் பார்க்கவில்லை. கணினியில் நேரலை. ஆனந்த் எஃப்3 என்று முரட்டு வழியில் போனார். ராஜா பக்கம் சிப்பாய்களை எல்லாம் மேலே அனுப்பினார். கார்ல்சன் கண்டுகொள்ளவே இல்லை. மறுபக்கம் தன் பி சிப்பாயை பி5-லிருந்து ஒவ்வொரு கட்டமாக, பி4, பி3, பி2 என்று நடத்திக்கொண்டு போனார். தாத்தாவின் திண்ணைச் சிப்பாய் மாதிரி. ஆனந்தின் ராணி எச்6-க்கு வந்து மேட்டுக்குக் கதவைத் தட்டுகிறது. யானையும் எஃப்4-க்கு வந்துவிட்டது. கார்ல்சனின் சிப்பாய் பி1-ல் ராணியாகிச் செக் சொல்கிறது. ஆனந்த் பிஷப்பை எஃப்1-க்கு இழுத்து மறைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும், டிரா கிடைத்திருக்கும். அவர் குதிரையை எஃப்1-ல் வைத்தார். கார்ல்சன் புது ராணியை இ1-க்கு நகர்த்தினார். அவ்வளவுதான். யானை எச்4-க்குப் போய் மேட் மிரட்டணும், ஆனால் அங்கே இப்போது அந்த ராணி கண் வைத்திருக்கிறது. ஆனந்த் கை நீட்டிவிட்டார். மறுநாள் பத்தாவது ஆட்டம் டிரா, 6.5-3.5, பட்டம் நார்வேக்குப் போனது. சென்னையில் உட்கார்ந்து இந்தியரை வீழ்த்தியதும் 'இந்தியன்' டிஃபன்ஸ்தான். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றும் மனநிலையிலும் இல்லை.

அந்தத் தோல்வி இந்த ஊரில் எதையும் நிறுத்தவில்லை என்பதும் உண்மை. 2022 ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். ஆனால் கல்கத்தாவில் தோற்றுக்கொண்டே ஆடிய அந்த முதல் ஆளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிற செஸ் வகுப்பு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். குருன்ஃபெல்டின் பன்னிரண்டு நகர்த்தலை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். பானர்ஜி யார் என்றால் கிரிக்கெட்டா என்று கேட்கிறார்கள்.

டிஃபன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் சொல்கிற அறிவுரை, என்னை மாதிரி ஆள் கிங்ஸ் இந்தியனிலோ குயின்ஸ் காம்பிட் டிக்ளைண்டிலோ தொடங்கணும், குருன்ஃபெல்ட் வேண்டாம் என்பது. நியாயமான அறிவுரை. கிங்ஸ் இந்தியனில் முதல் ஐந்து நகர்த்தல் வெள்ளை என்ன செய்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே, யோசிக்க நேரம் கிடைக்கும். குருன்ஃபெல்டில் ஒரு நகர்த்தல் தாமதித்தால் வெள்ளையின் மாளிகை நிஜமாகவே மாளிகையாகி நம் தலையில் உட்கார்ந்துவிடும். தெரிந்தேதான் குருன்ஃபெல்டை எடுத்தேன். இரண்டு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், சி5 எப்போது அடிக்கணும் என்பதை மட்டும்.

முதல் வாரம் சார் சி4 ஆடவே இல்லை. பிஷப்பை எஃப்4-ல் வைத்து லண்டன் சிஸ்டம் ஆடினார். படித்ததெல்லாம் பயனில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாளோ என்னவோ, சி4 வந்தது. ஜி6. குதிரை சி3. டி5. அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"குருன்ஃபெல்டா?"

"மகேஷ் சந்திர பானர்ஜி, சார்."

"அது யாருப்பா?"

காபி கடை வரைக்கும் நடந்துகொண்டே சொல்லி முடித்தேன். ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, முப்பத்தி நாலாவது நகர்த்தலில் தோற்றேன். சி5 சரியாகத்தான் அடித்தேன், யானை ஆட்டத்தில் கோட்டைவிட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த 1855 ஆட்டம் எழுதி வெச்சிருக்கியா? நாளைக்குக் கொண்டா. அந்த குதிரை ஏ5-க்கு பதிலா வேற ஏதாவது இருந்துதான்னு பார்க்கலாம்."

மறுநாள் கொண்டுபோனேன். பதினேழாவது நகர்த்தலிலேயே பிஷப்பால் இ2-ல் அடித்திருக்கக் கூடாது என்கிறார் அவர். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.